வால்குருவிக்கு ஒரு வேண்டுதல்

சிங்கப்பூருக்குப் போவதில்லை என்று பஞ்சநதம் முடிவெடுத்தது ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, மிக உறுதியாக, வாயைத் திறக்காமல் எடுத்த முடிவு அது. அதே நேரத்தில் சமையலறையில் சாவித்திரி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மகனிடம், "ரெண்டு பேரும் வர்றோம்ப்பா, நீ கவலைய விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதம் பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் கையை உயர்த்தினால் மதகு திறந்தது, இறக்கினால் மூடியது. குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரே அவர் பேச்சைக் கேட்டது. வீட்டில் அவராகத் திறந்தது ஊறுகாய் பாட்டில் ஒன்றுதான். அதுவும் மூடி இறுகிப்போய் சாவித்திரி கொண்டுவந்து நீட்டும்போது.

மகன் குணசேகரன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினியர். வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருந்தார்கள். நாத்து நட ஆள் கேட்டால் கிடைக்காது. விமானத்தில் எந்த வரிசையில் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று கேட்டால் சொல்ல ஆள் கிடைக்கும். மருமகள் கலைமகளுக்கு மாசிக் கடைசியில் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவளுடைய அம்மா முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு படுக்கையில் இருந்ததால் பிள்ளைப்பேறு பார்க்க வேறு ஆள் இல்லை. சாவித்திரி போய்த்தான் ஆகவேண்டும். பஞ்சநதமும் கூட வரவேண்டும் என்பது மகனின் ஆசை.

பஞ்சநதத்துக்கு மகன் மேல் கோபம் இல்லை, சிங்கப்பூர் மேலும் இல்லை. நடுவில் இருக்கும் விமானம்தான் தொந்தரவு. அவருக்கு உயரம் என்றால் பயம். கைப்பிடி இல்லாத மாடிப்படியில் ஏற மாட்டார். உத்தியோக காலம் முழுக்க ரெகுலேட்டர் பாலத்தில் நடக்கும்போது எதிர்க்கரையை மட்டுமே பார்த்து நடந்தார். தப்பித் தவறிக் கூடக் கீழே பார்த்ததில்லை. அதைக் கண்டவர்கள், இன்ஸ்பெக்டர் யாருக்கும் தலை குனியாதவர் என்று பேசிக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. மகன் வற்புறுத்தலுக்காகப் பாஸ்போர்ட் எடுத்தார். பீரோவில் வைப்பதற்கென்றே எடுத்த பாஸ்போர்ட். பயம் என்ற விஷயம் தனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

அன்று சாயங்காலமே சமாதானப் பேச்சு தொடங்கியது. அறுப்பு வருகிறதே, யார் பார்ப்பார்கள் என்றார். நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் தங்கையனிடம் சொல்லியாகிவிட்டது என்றாள் சாவித்திரி. பல் வலி என்றார். சிங்கப்பூரிலும் மனிதர்களுக்குப் பல் இருக்கிறது, அதற்கு டாக்டரும் இருக்கிறார் என்றாள். சர்க்கரை நோய்க்காரன் தினமும் நடக்க வேண்டும் என்றார். அங்கே நடப்பதற்கென்றே பூங்கா வைத்திருக்கிறார்களாம், குணசேகரன் வீட்டு வாசலில் இருந்தே பாதை போகிறதாம். பஞ்சநதம் போட்ட கரை எல்லாம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்குப் பறவை ஞாபகம் வந்தது.

தரையை விட்டுக் கால் எழும்பாத இந்த மனிதருக்கு ஒரு வருஷமாகப் பறவை படம் எடுக்கும் பைத்தியம். அதற்கும் சர்க்கரைதான் காரணம். டாக்டர் தினமும் காலையில் நடக்கச் சொன்னார். பஞ்சநதமும் நடந்தார், கடைத்தெருவில் மூஸா டீக்கடை வரைக்கும். அங்கே வடை சூடாக இருக்கும். நடக்க நடக்க எடை ஏறுவதைப் பார்த்து சாவித்திரி மகனிடம் சொன்னாள். லீவில் வந்த குணசேகரன், நீளமாக மூக்கு நீட்டும் கேமரா ஒன்றையும் படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பறவை டீக்கடைக்கு வராது, அப்பா பறவை இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு பலித்தது. பஞ்சநதம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனார். வாய்க்கால் வரப்பு, மாந்தோப்பு, ஏரிக்கரை என்று நடை நீண்டது. ஆனால் ஆரம்பத்தில் அவர் எடுத்ததெல்லாம் பறவை இருந்த கிளைகள். சாவித்திரி கேமராவின் பின்பக்கம் பார்த்து, இது என்ன என்பாள். மீன்கொத்தி என்பார். எங்கே என்பாள். இப்பத்தான் போச்சு என்பார். பிறகு கை பழகியது. நாற்று வயலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, கரண்டுக் கம்பியில் பஞ்சுருட்டான், மாட்டு முதுகில் கரிச்சான் என்று ஒவ்வொன்றாகப் படத்துக்குள் உட்கார ஆரம்பித்தன. நெல் வயலுக்குள் நத்தை பொறுக்கும் நாரையை எடுத்த அன்று அவர் வடையை மறந்தே போனார்.

ஒருநாள் வாய்க்கால் கரையில் கேமராவை நீட்டிக்கொண்டு நின்றபோது தங்கையன் ஓடிவந்து, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டான். தேன்சிட்டு தேடிக்கொண்டிருந்தவர், பறவை பறந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, சிட்டு பார்க்கிறேன் என்றார். தங்கையன் காதில் சிட்டா என்று விழுந்தது. வாய்க்கால் புறம்போக்கில் அவன் வைக்கோல் போர் போட்டிருந்தான். ரிட்டயர் ஆன பிறகும் கவர்ன்மெண்டு இவரை விட்டு நிலத்துக்குச் சிட்டா பார்க்கிறது, அதுவும் போட்டோ பிடித்து என்று அவன் முடிவு செய்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் போர் இடம் மாறியது. உத்தியோகத்தில் இருந்தபோது நோட்டீஸ் விட்டும் நகராத போர். பஞ்சநதத்துக்கு அன்று சிட்டு கிடைக்கவில்லை, கரை மட்டும் கிடைத்தது.

அப்பேர்ப்பட்ட கேமராவை வைத்துத்தான் சிங்கப்பூரை நிறுத்துவது என்று இப்போது தீர்மானித்தார். சும்மா சொன்னால் சாவித்திரியிடம் எடுபடாது. அவள் மதிக்கிற ஒரே மேலதிகாரி ஊர் எல்லையில் இருக்கும் பிடாரியம்மன்தான். ஆகவே விண்ணப்பத்தை அந்த வழியாக அனுப்ப நினைத்தார். இந்தப் பறவையைப் படம் எடுத்து அம்மன் கோயிலில் மாட்டும் வரைக்கும் கடல் தாண்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்லிவிடுவது. பறவை மட்டும் கிடைக்காத பறவையாக இருக்க வேண்டும்.

அதற்காகப் பறவைப் புத்தகத்தை இரண்டு நாள் பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தார். பூநாரை சரிப்படாது. அது கோடிக்கரையில் கிடைக்கும், சாவித்திரி கையோடு பஸ் ஏற்றிவிடுவாள். ஆந்தை புளியமரத்திலேயே இருக்கிறது. மயில் இப்போது வயலுக்கே வருகிறது. கடைசியில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வேதிவால் குருவி. ஆண் குருவிக்கு வயதாக வயதாக உடம்பு பால் போல் வெளுத்துவிடுமாம், தலை மட்டும் கறுப்பாம். வால் ஒரு முழத்துக்கு ரிப்பன் மாதிரி தொங்குமாம். வடக்கே மலைப்பக்கத்தில் இருந்து குளிர்காலத்தில் தெற்கே வருமாம், நிழலான தோப்புகளில் ஒதுங்கி இருக்குமாம். இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே நரைத்த பஞ்சநதம் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. தான் பார்க்காதது ஊரில் இல்லை என்பது அவர் கட்சி.

மறுநாள் காலை நடை முடிந்து வந்து, நெற்றியில் குங்குமத்தோடு சாவித்திரியிடம் விஷயத்தைச் சொன்னார். குரலில் கொஞ்சம் நடுக்கம் கூட வரவழைத்துக்கொண்டார். பிடாரிக்கு எதற்குக் குருவிப் படம் என்று அவள் கேட்பாள், அதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி அந்தப் படத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்றாள். ரசம் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள்.

பஞ்சநதம் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு சாவித்திரி முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.

"சாமி விஷயம். வேண்டிக்கிட்டத மீறக்கூடாதுங்க. நீங்க குருவியப் புடிங்க. நான் போயிட்டு வந்துர்றேன்."

"நீ மட்டுமா?"

"நான் ஒண்ணும் வேண்டிக்கலையே."

எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று மாதமாவது ஆகும், பிள்ளைக்குத் தலை நிற்க வேண்டாமா என்றாள்.

விமானத்தை நிறுத்தத்தான் பஞ்சநதம் மதகை இறக்கினார். பெண்டாட்டி மதகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சரி, பின்வாங்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. சாயங்காலத்துக்குள் சாவித்திரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்க வீட்டுக்காரர் பிடாரிக்கு இப்படி வேண்டிக்கொண்டிருக்கிறார், யாரும் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று. மறுநாளில் இருந்து அவர் கேமராவோடு தெருவில் இறங்கினால் போதும், தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள் பயபக்தியோடு, குருவி கிடைத்ததா என்று கேட்டார்கள். மூஸா, விரதமாக இருப்பீர்கள் என்று வடையை அவர் கண்ணில் படாமல் நகர்த்தி வைத்தார்.

முதலில் சில நாள் வீறாப்பாக இருந்தார். மூன்று மாதம்தானே, நிம்மதியாகப் பறவை பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாவித்திரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவாள். அவர் கேட்காதது போல் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். அவள் இல்லாத வீட்டில் எதைக் கேட்காதது போல் உட்கார்ந்திருப்பது என்ற கேள்வி ஒருநாள் வந்தது. வந்த கேள்வி போகவில்லை. காபி யார் போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

விமானத்தையும் நினைத்துப் பார்த்தார், வெறும் வீட்டையும் நினைத்துப் பார்த்தார். இரண்டில் விமானம் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அன்றில் இருந்து பஞ்சநதம் உண்மையாகவே வால்குருவியைத் தேட ஆரம்பித்தார். இல்லை என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்தது, இப்போது இருந்தே தீர வேண்டும் என்று அலைந்தார். மார்கழிப் பனியில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை மூங்கில் கொத்துக்கு அடியில் குந்தினார். மாந்தோப்பில் எறும்பு கடித்தது, தர்கா தோப்பில் முள் குத்தியது. பனங்காடை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நீலச் சிறகை விரித்து, எடு எடு என்று நின்றது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளையாக எது அசைந்தாலும் கேமராவைத் தூக்கினார். ஒரு கொக்கு, கொடியில் காயும் வேட்டி, முள்ளில் மாட்டிய பாலித்தீன் பை. வால்குருவி மட்டும் வரவில்லை. சாவித்திரி தினமும் கரிசனமாக விசாரித்தாள். இன்று எந்தப் பக்கம் போனீர்கள், ஆற்றுப் பக்கமா, சரி சரி, நாளைக்கு ஏரிப் பக்கம் பாருங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

பொங்கல் கழிந்தது. பிள்ளை பெறும் வீட்டுக்கு நல்ல தேங்காய் எண்ணெய் வேண்டும், பேராவூரணியில் அண்ணன் தோப்பில் ஆட்டி எடுத்து வருகிறேன், பத்து நாளாகும் என்று சாவித்திரி பஸ் ஏறினாள். போகும்போது அரிசி எங்கே, பருப்பு எங்கே, கேஸ் எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். சிங்கப்பூர் போகும்போது தனியாகத்தானே இருக்கப் போகிறீர்கள், பழகிக்கொண்ட மாதிரியும் ஆச்சு என்றாள்.

பஞ்சநதம் பழகிக்கொண்டார். முதல் நாள் சோறு குழைந்தது, இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. பாத்திரம் கழுவுவது என்ற கட்டம் மட்டும் அவர் திட்டத்தில் இல்லை. அந்த வேலைக்கு ராமாயி தினமும் வருவாள், வந்துவிடுவாள் என்று அழுக்குப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ராமாயி வரவில்லை. பரணில் சாவித்திரி கட்டிவைத்திருந்த சீர்ப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் ஒரு நாள் காலை, ஐம்பது பேருக்குப் பாயசம் வைக்கும் தவலையில் ஒரு டம்ளர் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் அடியைத் தேடி எட்டிப் பார்த்தபோது பஞ்சநதத்துக்கு விவகாரம் எல்லை மீறிவிட்டது என்று புரிந்தது.

தெருவில் போன ராமாயியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சங்கடத்தோடு நின்றாள். அம்மா தான் திரும்பி வருகிற வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சம்பளத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள் என்றாள். சம்பளம் கொடுத்துவிட்டு வேலை வேண்டாம் என்பது என்ன கணக்கு என்று பஞ்சநதத்துக்கு விளங்கவில்லை. அவள்தான் போய்விட்டாளே, நீ வாயேன் என்று கெஞ்சினார். அம்மா திட்டும் என்று ராமாயி நடந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பில் துண்டு, கழுத்தில் வழக்கம் போல் கேமரா, இரண்டு கையிலும் பாத்திரம். கொல்லைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார். குளியலறை வீட்டுக்குள் வந்த பிறகு அந்தக் கதவை அவர் தாண்டியதே இல்லை. பறவை தேடி ஊர் முழுக்க நடந்தவர், தன் கொல்லையில் என்ன மரம் இருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார். கிணற்றடி, துவைக்கிற கல், நாலு பக்கமும் வாழை, ஒரு முருங்கை, ஒரு கொய்யா. வெயில் உள்ளே இறங்காமல் பச்சையாக இருந்தது. குழாய் சொட்டி நிறைந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் தளும்பியது. கல்லில் உட்கார்ந்து தவலையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தொட்டியில் ஏதோ விழுந்தது போல் ஒரு சத்தம். கொய்யாப் பிஞ்சு என்று நினைத்தார். மறுபடியும் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

தண்ணீரைத் தொட்டுவிட்டு ஒரு வெள்ளை ரிப்பன் மேலே எழுந்து போய்க்கொண்டிருந்தது.

அது முருங்கைக் கிளையில் உட்கார்ந்தது. கறுத்த தலை, சிலிர்த்த கொண்டை. கையடக்கமான உடம்பு. அதற்குக் கீழே, காற்றில் யாரோ பிடித்து ஆட்டுவது போல், அந்த வால். பஞ்சநதத்தின் கையில் சோப்பு நுரை. அதோடு கேமராவைத் தூக்கினார். எல்லாம் இருட்டாகத் தெரிந்தது. கேமரா மூடியைக் கழற்றவில்லை. கழற்றும் அவசரத்தில் முழங்கை பட்டுத் தவலை உருண்டது. உருண்ட தவலை கிணற்றுச் சுவரில் மோதிய சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். குருவி வாழைக்குள் மறைந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்தார். கால் மரத்துப் போனது. கொசு கடித்தது, அடிக்கவில்லை. எத்தனை நேரம் ஆயிற்றோ, வாழை இலைக்கு நடுவில் இருந்து அது திரும்ப வந்தது. ஈ ஒன்றைக் குறுக்கே பாய்ந்து பிடித்தது, தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டது, கிளையில் அமர்ந்து சிறகை உதறியது. பஞ்சநதம் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். கேமராவின் பின்பக்கத்தில் முழுக் குருவியும், வால் நுனி வரைக்கும், ஒரு நீர்த்துளியோடு நின்றது.

கேமராவை இறக்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. படத்துக்காக இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ மலைக்குப் பக்கத்தில் புறப்பட்டு, ராத்திரியும் பகலும் தாண்டி, வழி கேட்க ஆள் இல்லாமல், இந்த ஊரில் இந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கையில் பிடித்தால் ஒரு எலுமிச்சம்பழ எடை இருக்காது. அது தானே சிறகடித்து வருகிறது. நாம் உட்கார்ந்துகொண்டு போக வேண்டியதுதானே என்று தோன்றியபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெட்கம் கொஞ்ச நேரம்தான். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிப் போன் போட்டார். பாத்திரம் கழுவும்போது கிடைத்தது என்று சொல்ல ஒரு ஓய்வுபெற்ற ஒர்க் இன்ஸ்பெக்டருக்கு மனம் வருமா. ஆற்றங்கரை மூங்கில் காட்டில் விடியற்காலையில் இருந்து மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்ததாகவும், அம்மன் கண் திறந்ததாகவும், குருவி எதிரே வந்து நின்றதாகவும் சொன்னார். வேண்டுதல் தீர்ந்தது, இனி நானும் வருகிறேன், பிள்ளையிடம் டிக்கெட்டுக்குச் சொல் என்றார்.

அந்தப் பக்கம் சாவித்திரி பொறுமையாகக் கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷங்க. அது தொட்டியில முங்கிட்டு முருங்கையிலதான் வந்து ஒக்காரும். முருங்கையில வச்சு எடுத்தீங்களா, கொய்யாவுலயா?"

பஞ்சநதம் கழுத்தில் தொங்கிய கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார், முருங்கைதான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் கார்த்திகையில வரும், பங்குனி வரைக்கும் நம்ம கொல்லையிலதான் கெடக்கும். நானும் ராமாயியும் பாத்துக்கிட்டேதான பாத்திரம் தேய்ப்போம்."

"அப்பறம் ஏன்டி சொல்லல? நான் பனியில ஊரெல்லாம் அலைஞ்சேனே."

"நீங்க சாமிகிட்ட சொன்னீங்க. என்கிட்டயா கேட்டீங்க?" என்றாள் சாவித்திரி. "நானா காட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு இது வேற குருவின்னிருப்பீங்க. பாத்திரம் தீந்தா கொல்லைக்கு வந்துதானங்க ஆவணும்."

டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிள்ளை மார்கழியிலேயே போட்டுவிட்டான் என்றாள். கிணற்றடியில் போட்டுவிட்டு வந்த பாத்திரத்தை வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

படத்தை வலங்கைமானில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு பிடாரி கோயிலில் மாட்டினார்கள். பூசாரிக்கு விவரம் புரியவில்லை, குருவிக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தார். தெருப் பெண்கள், இன்ஸ்பெக்டர் தவம் இருந்து அடைந்த குருவி என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பஞ்சநதம் அடக்கமாகத் தலை அசைத்தார். சாவித்திரி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் அவளுக்குக் கடமைப்பட்டவர்.

மாசி பிறந்ததும் திருச்சியில் விமானம் ஏறினார்கள். ஏணியில் அவர் எதிரே இருந்த கதவை மட்டும் பார்த்து ஏறினார். பின்னால் வந்த ஒருத்தர், பெரியவர் என்ன நிமிர்வு என்று சொன்னது காதில் விழுந்தது. உள்ளே சாவித்திரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள், அவருக்கும் மாட்டிவிட்டாள். விமானம் ஓட ஆரம்பித்தபோது பஞ்சநதம் கண்ணை இறுக்கி மூடி, கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது சாவித்திரியின் மணிக்கட்டு. கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீழே காவிரி தெரிகிறது, கொள்ளிடம் தெரிகிறது, வயல் எல்லாம் கட்டம் போட்ட புடவை மாதிரி இருக்கிறது என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் வழக்கம் போல் கேட்காதது போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார். விமானம் விழவில்லை. இன்னொரு கண்ணையும் திறந்தார். காபி கூட வந்திருந்தது. உயிர் திரும்பியதும் உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவுதானா இது, இதற்குப் போய் ஜனங்கள் பயப்படுகிறார்களே என்றார். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு எதுவும் தெரிவதில்லை என்று, முப்பத்தாறு வருஷத்தில் சொல்லாத ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டார்.

சாவித்திரிக்கு முகம் சிவந்தது. காபியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்து சொன்னாள்:

"நான் வர மூணு மாசம் ஆவும், அதுவரைக்கும் வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு மட்டும் அடுத்த மாசமே திரும்பறதுக்கு டிக்கெட் போட்டிருக்கு. பயப்படாதீங்க, தனியாப் போறீங்களேன்னு ஜன்னலோர சீட்டாப் பாத்துத்தான் புள்ளைய வாங்கச் சொன்னேன்."